பாத்ரூமில் மயக்கம், கேஸ் வாடை இல்லை: கார்பன் மோனாக்சைடாக இருக்குமா?

தென்னந்தோப்பு | 14 டிசம்பர், காலை 9.10

வீட்டில் கேஸ் கீசர், பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியது. சிலிண்டர் மட்டும் வெளியே. குளிர் என்பதால் ஒரு வாரமாக ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை முழுக்க மூடி வைத்திருக்கிறோம். நேற்று சாயங்காலம் 6.30 மணி வாக்கில், வரிசையில் நாலாவதாகக் குளிக்கப் போன மனைவி உள்ளேயே விழுந்துவிட்டார். வெளியே தூக்கி வந்து ஐந்து நிமிடத்தில் பேசினார். தலைவலியும் குமட்டலும் ராத்திரி வரை விடவில்லை. ஆக்ஸிமீட்டரில் 98. கேஸ் மெக்கானிக் எல்லா மூட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்துவிட்டு லீக் இல்லை என்கிறார். வாடையும் இல்லை, லீக்கும் இல்லை, ஆக்சிஜனும் சரி. அப்படியானால் பிரஷர் இறங்கித்தான் விழுந்தாரா?

இரவுப்பணி | 14 டிசம்பர், காலை 9.32

கீசரை நிறுத்துங்கள், ரெகுலேட்டரையும் மூடுங்கள். மனைவியை இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். மயங்கி விழுந்திருக்கிறார், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. அங்கே "தலைசுற்றல்" என்று மட்டும் சொன்னால் பிரஷர் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. கேஸ் கீசர், மூடிய பாத்ரூம், மயக்கம், எத்தனை மணிக்கு என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கார்பாக்ஸிஹீமோகுளோபின் (மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்) அளவு, ஈசிஜி, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் மூன்றையும் நீங்களே கேட்கலாம். மற்ற மூன்று பேருக்கும் தலைவலி இருந்ததா? அதையும் சொல்லுங்கள்.

98 பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன்.

நீலச்சுடர் | 14 டிசம்பர், காலை 10.05

லீக் வேறு, மோனாக்சைடு வேறு. சோப்பு நுரை காட்டுவது எரியாத கேஸ் கசிகிறதா என்பதை. மோனாக்சைடு எரியும்போது பிறப்பது. டியூப், மூட்டு, ரெகுலேட்டர் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தாலும் பர்னருக்குக் காற்று போதாவிட்டால் வரும். வாடை விஷயமும் அப்படித்தான். சிலிண்டர் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலக்கிறார்கள். பர்னரில் அது எரிந்துபோய்விடும். மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணும் எரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் எரிக்கும். 1 கிலோ சரியாக எரிய 13 கன மீட்டர் காற்று வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 2 கன மீட்டருக்கு மேல். 5 அடிக்கு 7 அடி, உயரம் 8 அடி என்றால் அந்த பாத்ரூமில் மொத்தமே 8 கன மீட்டர் காற்றுதான். அதாவது ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறைக் காற்றில் கால் பங்கின் ஆக்சிஜனை கீசரே சாப்பிட்டுவிடுகிறது. கதவிடுக்கில் வருவது கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கினாலே சுடர் தடுமாறி மோனாக்சைடு ஏற ஆரம்பிக்கும். அடுத்தவர் உள்ளே போகும்போது அறை பழைய நிலைக்கு வந்திருக்காது. நாலாவதாகப் போனவர் விழுந்ததற்கு இதுவே போதும்.

சிலிண்டர் வெளியே இருப்பது தீ விபத்துக்கான பாதுகாப்பு. மூச்சுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எரியும் பெட்டி எங்கே தொங்குகிறது என்பதுதான் கேள்வி.

வேப்பமரம் | 14 டிசம்பர், பகல் 1.20

சந்தேகம் இருந்தால் உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துப் பார்க்கலாமே? கிணற்றில் இறங்குமுன் விளக்கு இறக்கிப் பார்ப்பது போல.

நீலச்சுடர் | 14 டிசம்பர், பகல் 1.41

வேண்டாம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆளை மயக்கும் அளவு மோனாக்சைடு என்பது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் மெழுகுவத்தி அழகாக எரியும். கிணற்றிலும் விளக்கை நம்பக்கூடாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள் விழுவார்.

இரவுப்பணி | 14 டிசம்பர், இரவு 8.15

இப்போது 98.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை ஆக்சிஜன் ஏறியதைப் போலவே உறிஞ்சும். கருவிக்கு இரண்டும் ஒன்று. ரத்தத்தில் 30 சதவீதம் மோனாக்சைடு பிடித்து வைத்திருந்தாலும் திரையில் 97, 98 என்றுதான் வரும். கோவிட் சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த கருவி இது. அதைப் பார்த்துவிட்டு "ஆக்சிஜன் சரியாகத்தானே இருக்கு" என்று நோயாளியைப் படுக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். சாதாரண தமனி ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். ரத்த நீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்து அதிலிருந்து சதவீதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மெஷின் என்றால் அதுவும் நார்மல் என்றே அச்சடிக்கும். மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினைத் தனியாக அளக்கும் கோ-ஆக்ஸிமெட்ரி உள்ள மெஷினாக இருக்க வேண்டும். சிரை ரத்தமே போதும், மணிக்கட்டில் குத்த வேண்டியதில்லை.

உடம்புக்குள் நடப்பது இது. ஹீமோகுளோபினை மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். அதோடு நிற்காமல், மிச்ச ஹீமோகுளோபினில் இருக்கும் ஆக்சிஜனையும் திசுக்களுக்கு இறக்கிவிடாமல் தடுக்கும். இதயத் தசையையும் நேரடியாகத் தாக்கும். ஏற்கெனவே இதய அடைப்பு உள்ளவருக்குக் குறைந்த அளவிலேயே நெஞ்சுவலி வருவது அதனால்தான்.

பிரஷர் இறங்கி விழுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வெந்நீரில் பிரஷர் இறங்கி விழுந்தவர் படுத்ததும் ஓரிரு நிமிடத்தில் தெளிவார், அதன் பிறகு நீண்ட தலைவலி இருக்காது. மோனாக்சைடில் மந்தமான தலைவலி மணிக்கணக்கில் நிற்கும், குமட்டல், வாந்தி, கால் தளர்ச்சி, யோசனை குழம்புவது எல்லாம் கூட வரும். காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தேவலை, திரும்பி வந்தால் மறுபடி என்றால் அந்த ஒழுங்கே நோயைச் சொல்லிவிடும். சிறு குழந்தைகளும் வீட்டு நாய், பூனையும் முதலில் சுருண்டு படுக்கும். உடம்பு செர்ரிப்பழம் போலச் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை எதிர்பார்க்க வேண்டாம். உயிரோடு இருப்பவரிடம் அதைக் காண்பது அரிது.

தென்னந்தோப்பு | 14 டிசம்பர், இரவு 9.50

பகல் 11.30க்கு ரத்தம் எடுத்தார்கள். கார்பாக்ஸிஹீமோகுளோபின் 2.1 சதவீதம், நார்மல் என்று எழுதியிருக்கிறது. ஈசிஜி, ட்ரோபோனின் சரி. பெரிய பையனுக்கும் நேற்று தலைவலி இருந்திருக்கிறது, சொல்லவில்லை. 2.1 என்றால் மோனாக்சைடு இல்லை என்றுதானே அர்த்தம்?

இரவுப்பணி | 14 டிசம்பர், இரவு 10.20

இல்லை. 17 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் அது. வெறும் காற்றை மூச்சில் இழுத்தாலே ரத்தத்தில் உள்ள மோனாக்சைடு சுமார் 5 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். 17 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் பாதியாகியிருக்கும். 2-ஐ 4, 8, 16 என்று திருப்பிப் பெருக்கினால் விழுந்த நேரத்தில் 20 பக்கம் இருந்திருக்கும்.

இரவுப்பணி | 15 டிசம்பர், காலை 6.40

நேற்று இரவு எழுதியதைத் திருத்துகிறேன். அப்படித் திருப்பிப் பெருக்கக்கூடாது. புகைபிடிக்காதவருக்கும் உடம்பு தானே உண்டாக்குவதும் தெருப் புகையும் சேர்ந்து 2, 3 சதவீதம் வரை இருக்கலாம். 2.1 என்பது அந்த அடிமட்டமாகவே இருக்கலாம், அதைப் பெருக்கினால் வருவது பொய்க்கணக்கு. சரியாகச் சொன்னால், இத்தனை நேரம் கழித்து வந்த நார்மல் எண் எதையும் மறுக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. நடந்த விதம்தான் சாட்சி: மூடிய அறை, நாலாவது ஆள், கூடவே பையனின் தலைவலி. அதை வைத்து மோனாக்சைடு என்றே முடிவு செய்கிறேன்.

ரத்தம் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதற்காக ஆக்சிஜனைத் தள்ளிப்போடக் கூடாது. முகத்தோடு ஒட்டும், பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் கொடுத்தால் பாதியாகும் நேரம் 5 மணியிலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிடும். மூக்கில் செருகும் குழாயில் 2 லிட்டர் ஓடவிட்டால் போதாது. அழுத்த அறையில் வைத்துத் தரும் ஹைபர்பாரிக் ஆக்சிஜனில் 20 நிமிடத்துச் சொச்சம். நினைவு தப்பியவர், வலிப்பு வந்தவர், இதய பாதிப்பு தெரிபவர், அளவு 25 சதவீதத்தைத் தாண்டியவர், கர்ப்பிணி ஆகியோருக்கு அதை யோசிப்போம். அந்த அறை எல்லா ஊரிலும் இல்லை. அதைத் தேடி அலையும் நேரத்தில் மாஸ்க் முகத்தில் இருக்கட்டும்.

மல்லி | 15 டிசம்பர், காலை 11.02

கர்ப்பிணிக்கு ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

இரவுப்பணி | 15 டிசம்பர், காலை 11.30

கருவின் ஹீமோகுளோபின் மோனாக்சைடை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். குழந்தைக்கு மெதுவாக ஏறி, தாயைவிட மேலே போய், மெதுவாக இறங்கும். தாய் தெளிந்து எழுந்து உட்கார்ந்த பிறகும் குழந்தையின் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். ஆகவே தாய்க்குச் சரியானதும் மாஸ்க்கைக் கழற்றுவது தவறு. நீண்ட நேரம் கொடுக்க வேண்டும், குழந்தையின் இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டும்.

ஊசிப்பனி | 15 டிசம்பர், இரவு 7.48

கீசரோடு நிறுத்தாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் முதல் ஆபத்து கணப்புச் சட்டி. வெளியே கரி மூட்டி, புகை அடங்கி, மேலே சாம்பல் பூத்து, உள்ளே செக்கச்செவேல் என்று தணல் ஆனதும் "இனி புகையாது" என்று ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். புகை நின்ற அந்தத் தணல்தான் மோசம். அடியில் கரி எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே சிவந்து கிடக்கும் கரிக்குள் புகுந்து வரும்போது மோனாக்சைடாக மாறி வெளிவருகிறது. கண்ணைக் கரிக்கும் விறகுப் புகை என்றால் ஆள் எழுந்து ஓடுவார். தணல் தாலாட்டித் தூங்க வைக்கும். கூடாரத்துக்குள் பார்பிக்யூ அடுப்பை இழுத்து வைத்துக்கொள்வதும் இதே கதைதான். தணல் அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே எடுக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறின பிறகுதான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குதான் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும். அதே அளவு மோனாக்சைடு அங்கே கூடுதலாக அடிக்கும். கீழேயிருந்து வருகிறவர்கள் காலைத் தலைவலியை மலைப்பாதை வளைவுக்கும் குளிருக்கும் எழுதிவிடுகிறார்கள். ரூமில் இருந்த எல்லோருக்கும் தலைவலி என்றால் முதலில் வெளியே வாருங்கள்.

ரூமைச் சூடாக்க மின்சாரக் கம்பிச் சுருள் ஹீட்டரோ, மின்சாரத்தில் ஓடும் எண்ணெய் அடைத்த ஹீட்டரோ போதும். துணி எரியலாம், ஒயர் உருகலாம், ஆனால் மோனாக்சைடு வராது.

பழையரேடியோ | 16 டிசம்பர், காலை 8.25

சமையலறை கேஸ் அலாரம் இருக்கிறதே, போதாதா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: போதாது. அது சிலிண்டர் கேஸுக்கான சென்சார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும், அதனால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுகிறோம். மோனாக்சைடு காற்றைவிடக் கொஞ்சம் லேசு, அறை முழுக்கக் கலந்து நிற்கும். அதற்குத் தனி அலாரம், எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் உள்ளது. பெட்டியில் இ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல்பு போலச் சூடாகி வேலை செய்யும் மலிவு சென்சாரைத் திரையோடு சேர்த்து விற்கிறார்கள். ஆவி பட்டாலும் சென்ட் அடித்தாலும் எகிறும். உயிரை அதன் பொறுப்பில் விடாதீர்கள்.

அலாரம் உடனே அலறாது, அதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியத் தரத்தில் 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். ரத்தத்தில் ஏறும் வேகத்தை ஒட்டிய கணக்கு அது. 200 பிபிஎம்மில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் தலைவலி வரும்.

மாட்டும் இடம்: படுக்கும் அறையில் தலைமாட்டு உயரம், எரியும் சாதனம் உள்ள அறையில் அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. பாத்ரூமுக்குள் வேண்டாம், ஆவியில் சென்சார் கெடும்.

நீலச்சுடர் | 16 டிசம்பர், பகல் 12.10

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள். காற்று வெளியே போனால் அதே அளவு உள்ளே வர வழி வேண்டும். கதவு அடியில் துணி அடைத்து ஜன்னலைச் சாத்தி ஃபேனை ஓட்டினால் பர்னருக்கு வர வேண்டிய காற்றையும் அதுவே இழுக்கும். புகைக்குழாய் உள்ள கீசர் என்றால் இன்னும் மோசம், குழாய் வழியாக மேலே போக வேண்டிய புகையை ஃபேன் திருப்பி அறைக்குள் உறிஞ்சும்.

மஞ்சள் சுடர் ஆபத்து என்பது சரி. நீலச் சுடர் பாதுகாப்பு என்பது தவறு. பர்னர் துவாரத்தில் தூசி, சிலந்தி வலை அடைத்தால் மஞ்சளாகும். வெந்நீர்த் தகடுகளுக்கு நடுவே கரி படிந்தால் புகை மேலே போக முடியாமல் கீழேயே சுழலும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் தகடுகளின் விளிம்பில் கறுப்பு வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கும், விரலில் தொட்டால் மை போல வரும். அதை எடுக்க வருடம் ஒரு முறை சர்வீஸ். ஆனால் சுத்தமான பர்னரும் காற்றில்லாத அறையில் மோனாக்சைடு கொடுக்கும். சில மாடல்களில் 20 நிமிடத்தில் தானே அணையும் டைமர் இருக்கிறது. வரிசையாக நாலு பேர் குளிக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் குழாயை மூடித் திறக்கும்போது அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சரியான வழி ஒன்றே. கீசர் வெளியே, திறந்த இடத்தில், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே. மாற்றும் வரை கீசரைத் தொடாமல் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி எடுத்துப் போங்கள்.

இரவுப்பணி | 17 டிசம்பர், இரவு 11.05

ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். குளிக்கும்போது மட்டும் வலிப்பு வருகிறது என்று வந்து, வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குக் காரணம் கேஸ் கீசர். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு கேஸ் கீசர் சிண்ட்ரோம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாத்ரூமில் மட்டும், குளிர்காலத்தில் மட்டும் வந்தால் மாத்திரைச் சீட்டோடு கீசர் மாட்டியிருக்கும் இடத்தின் படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தென்னந்தோப்புக்கு: அடுத்த 40 நாள் மனைவியைக் கவனியுங்கள். முழுக்கத் தேறிய பிறகும் இரண்டு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தாமதமாக மூளை பாதிப்பு தலைகாட்டலாம். சொன்னதையே கேட்பது, கணக்கு தடுமாறுவது, காரணமில்லாத அழுகையோ கோபமோ, நடை சிறுத்து மெதுவாவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. நடுத்தர வயதைத் தாண்டியவருக்கும், நினைவு தப்பியவருக்கும் வாய்ப்பு அதிகம். ஒன்று தெரிந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் டிசம்பர் 13 சம்பவத்தைச் சொல்லி எம்ஆர்ஐ கேளுங்கள்.

வேப்பமரம் | 18 டிசம்பர், காலை 7.30

புயல் சமயத்தில் ஜெனரேட்டர்? இன்வெர்ட்டரும் அதே ஆபத்துதானா?

நீலச்சுடர் | 18 டிசம்பர், காலை 7.55

இன்வெர்ட்டரில் எதுவும் எரியவில்லை, மோனாக்சைடு கிடையாது. பேட்டரி அதிகமாகச் சார்ஜ் ஏறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது வேறு விஷம். உடனே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

பெட்ரோல் ஜெனரேட்டர் சின்னதாக இருந்தாலும் வீட்டுக்குள், பால்கனியில், மாடிப்படிக்கு அடியில், ஷட்டர் பாதி திறந்த கடையில், எங்கேயும் கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். மழையில் நனையும் என்றுதான் உள்ளே இழுக்கிறார்கள். நான்கு கால் நட்டு மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். ஸ்பிளிட் ஏசி ஓடுகிறதே, காற்று மாறுமே என்று நினைக்காதீர்கள். அது அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்று ஒரு சொட்டும் உள்ளே வராது.

மல்லி | 18 டிசம்பர், காலை 9.12

யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் என்ன செய்வது? எங்கள் பக்கம் எலுமிச்சைச் சாறு, மோர் கொடுப்பார்கள்.

இரவுப்பணி | 18 டிசம்பர், காலை 9.40

வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் நுரையீரலுக்குப் போகும். நீங்கள் உள்ளே போகுமுன் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியிலேயே மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போய், இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் வெளியே வந்து மறுபடி போங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டுவதால் பயன் இல்லை, மோனாக்சைடு துணியில் வடிகட்டாது. எரிவதை அணையுங்கள். கேஸ் வாடையும் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். 108-க்கு அழைத்து "ஆக்சிஜனோடு வாருங்கள்" என்று சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு இல்லாவிட்டால் மார்பை அழுத்த ஆரம்பியுங்கள். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

தென்னந்தோப்பு | 27 ஜனவரி, மாலை 5.30

40 நாள் தாண்டிவிட்டது, மனைவிக்கு எந்த மாற்றமும் இல்லை. கீசரை வெளியே எடுத்து பாத்ரூம் ஓரத்து டக்டில் (குழாய்கள் இறங்கும் இடுக்கில்) மாட்டிவிட்டோம். மோனாக்சைடு அலாரம் வாங்கிப் படுக்கை அறையில் மாட்டினோம். நேற்று அதைக் கழற்றிக் கீசர் பக்கத்தில் பிடித்துக் கால் மணி நேரம் ஓட்டினேன், 0 என்றே காட்டியது. டெஸ்ட் பட்டனும் அழுத்திப் பார்த்தேன், சத்தம் வருகிறது.

நீலச்சுடர் | 27 ஜனவரி, மாலை 6.02

டக்ட் என்றால் மேலே திறந்ததா, மூடியதா? அந்த டக்டுக்குள்தான் உங்கள் பாத்ரூம் வென்டிலேட்டரும் மாடி வீட்டுக்காரர்களின் வென்டிலேட்டரும் திறக்கின்றனவா? அப்படியானால் கீசர் புகை நேராகக் கண்ணாடிப் பட்டை வழியாக உங்களுக்கோ மேல்வீட்டுக்கோ திரும்பும். மேல்வீட்டில் குளிக்கிறவருக்கு ஏன் தலை சுற்றுகிறது என்றே தெரியாது. படம் போடுங்கள். மூன்று பக்கம் சுவர், மேலே ஷீட் என்றால் அங்கிருந்தும் எடுத்துப் பின்கட்டுத் திறந்த சுவருக்கு மாற்றுங்கள். குழாய் நீளம் கூடினால் முதல் அரை வாளி பச்சைத் தண்ணீர் வரும், அவ்வளவுதான் நஷ்டம்.

பழையரேடியோ | 27 ஜனவரி, இரவு 8.44

டெஸ்ட் பட்டன் பேட்டரியையும் சத்தத்தையும் சர்க்யூட்டையும்தான் சோதிக்கும், சென்சார் மோனாக்சைடை உணர்கிறதா என்பதை அல்ல. இன்னொன்று, பல மாடல்களில் 30 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் திரையில் 0 என்றே வரும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் 0 உண்மையில் 0-வாகவும் இருக்கலாம், 25-ஆகவும் இருக்கலாம். கையேட்டில் எந்த அளவிலிருந்து காட்டும் என்று எழுதியிருக்கும். பின்பக்கத்தில் மாற்ற வேண்டிய வருடம் அச்சிட்டிருக்கும், அதையும் பார்த்து, மார்க்கர் பேனாவால் முன்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள்.

தென்னந்தோப்பு | 28 ஜனவரி, காலை 7.15

கையேட்டில் 30 என்றுதான் இருக்கிறது. டக்டுக்கு மேலே ஷீட் போட்டிருக்கிறார்கள், மாடி வீட்டு வென்டிலேட்டர் இரண்டு அதற்குள்தான். கீசரை அணைத்துவிட்டேன். மேலே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.